நாடா மாறிய ஞாயிறு

நாடாவை மாற்றி வைத்தது நான்தான். பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால், வாசகப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைக் காட்டும் சிவப்பு நாடாவை உருவி, கைக்கு வந்த வேறொரு பக்கத்தில் செருகினேன்.

செல்வம்மாள் மாட்டட்டும் என்றுதான் செய்தேன். பின்னே? இரும்புலியூரில் எங்கள் சின்ன வேதக்கோவிலில், பதினொரு வருஷமாக ஞாயிற்றுப் பூசையில் முதல் வாசகம் அந்தோணிசாமி மேஸ்திரியுடையது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான் ஆரம்பித்தால் ஃபேன் சத்தம்கூட அடங்கும் என்பார்கள். சும்மா வருமா? சனிக்கிழமை சாயங்காலம் என் பெண்டாட்டி லூர்து பைபிளைச் சத்தமாகப் படிப்பாள். நான் கண்ணை மூடிக் கேட்பேன். நாலு தடவை, அஞ்சு தடவை. தியானம்.

புதுச் சாமியார் வந்தார், எல்லாம் போச்சு.

பல்லாவரம் மலையில் ஜல்லி உடைக்கிற செல்வம்மாள், கோவில் ஷெட்டில் நடக்கிற எழுத்தறிவு வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்தாளாம். அடுத்த ஞாயிற்றுப் பூசையில் முதல் வாசகம் அவளுக்கு என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார்.

ஆறு மாதத்தில் நாற்பது வயசுக்காரிக்கு எழுத்து வருமா? மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிப்பாள். எனக்குத் தெரியாத வித்தையா? பக்கம் மாறினால் சாயம் வெளுத்துவிடும்.

அவள் எழுந்து போனாள். எத்தனை கழுவியும் கல்தூசி போகாத கையால் புத்தகத்தைத் திறந்தாள். நாடா இருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

யாரோ இருமினார்கள். அவள் மூச்சு மைக்கில் புஸ்புஸ்ஸென்று வந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள். சொன்னால் பாவம், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவளுடைய ஆள்காட்டி விரல் மெல்லப் போய் முதல் எழுத்தின் கீழே நின்றது.

"பெந்... தெ... கோஸ்... து..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைகாசியில் வரும் பெந்தெகோஸ்து திருநாள் வாசகம், ஆடி மாதத்தில்! கைபோன போக்கில் செருகியது போயும் போயும் அந்தப் பக்கத்திலா? ஆவியானவர் இறங்கி, அப்போஸ்தலர்கள் பேசியது ஒவ்வொரு தேசத்தானுக்கும் அவனவன் பாஷையில் கேட்டதே, அந்த வாசகம். வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள் வரிசை கட்டி வரும். வருஷாவருஷம் அதை நாக்கில் ஏற்ற எனக்கு மூன்று வாரம் பிடிக்கும்.

செல்வம்மாள் எழுத்தெழுத்தாக உடைத்தாள். மலையில் ஜல்லி உடைப்பதுபோலத்தான். திருப்பிப் போட்டுப் பார்த்து, எங்கே அடித்தால் விரிசல் விடும் என்று யோசித்து. "மெ... மெச... மெசப்..." நின்றாள். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை மெசப்பொத்தாமியா முழுசாக விழுந்தது.

"அப்டிப் போடு, செல்வம்மா!"

அவள் புருஷன் மாரி. கோவிலுக்குள் கால் வைக்காதவன், வாசலில் நின்று கத்தினான். கோவிலே சிரித்தது. சாமியாரும் சிரித்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

கப்பதோக்கியா வந்தது. பிரிகியா வந்தது, பம்பிலியா வந்தது. ஒவ்வொரு ஊரை அவள் தாண்டும்போதும் ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முக்காட்டுக்குள் சிரித்தவள் அதே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். மூன்று நிமிட வாசகம் கால் மணி நேரம் ஆனது. ஒருவர் அசையவில்லை. பதினொரு பெந்தெகோஸ்துக்கு நான் முழங்கிய வாசகம்தான். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அன்றுதான் கேட்டேன்.

அவள் முடித்ததும் "இறைவா உமக்கு நன்றி" என்று நாங்கள் போட்ட சத்தத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்திருப்பான்.

பூசை முடிந்து நேராக என்னிடம் வந்தாள். வியர்வையில் ஜாக்கெட் நனைந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. புத்தகத்தை நீட்டினாள்.

"அண்ணா, நாடா வேற எங்கியோ கீது. நான் வூட்ல படிச்சுகினு வந்தது இது இல்ல. அட்த்த பூசைக்கு நீங்க பாத்து கரீட்டா வச்சுடுங்க. உங்களுக்குத் தெரியாத பக்கமா?"

வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பதினொரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியாது, செல்வம்மா."

லூர்துவைத் தவிர யாருக்கும் தெரியாத சமாச்சாரம். வாய் திறந்தது திறந்ததுதான் என்று, நாடாவை மாற்றியதையும் சொன்னேன்.

முறைத்தாள். நல்லா முறைத்தாள். அப்புறம் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, விரல் வைத்துத் தேடி, அந்த ஞாயிற்றின் பக்கத்தில் நாடாவைப் போட்டாள்.

"பேஜார் புட்ச்ச ஆளுண்ணா நீ. நாளைக்கு சாயங்காலம் ஷெட்டுக்கு வா. எங்கிட்ட ரெண்டு சிலேட்டு கீது."

தை மாதம் ஒரு நாள், தாம்பரத்தில் நெற்றியில் ‘மாடம்பாக்கம்’ என்று எழுதியிருந்த பஸ்ஸில், யாரையும் கேட்காமல் ஏறினேன். "அப்டிப் போடு!" என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.