கிழக்குக் கரை

தையல்காரம்மா மூன்று வாரமாக அந்த ஆளைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏரியில் பறவைக் கூடுகளை எண்ணும் தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக். எல்லாரும் மேற்குக் கரையில் எண்ணிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நைசாக நழுவுவார். கிழக்குக் கரை நாணலுக்குள் புகுந்து, முழங்கால் வரை சேற்றோடு திரும்புவார்.

அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது குழுத் தலைவர் போட்ட சட்டம். "ஆள் நடமாட்டம் இருந்தா பறவைங்க மிரண்டுடும்" என்று வாராவாரம் சொல்வார்.

'முட்டை திருடறான்!' என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

தைக்க வந்த துணி மலையாய்க் கிடக்க, ஞாயிறு தவறாமல் ஏரிக்கு ஓடுகிறவள் அவள். "என்ன, கொக்குக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்ற கணவரின் கேலியையும் தாங்கிக்கொண்டுதான்.

தலைவருக்குப் புகார் எழுதினாள். 'முட்டை எடுக்கிறார் என்று சந்தேகம்' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'என் கண்ணால் பார்த்தேன்' என்று மாற்றினாள். அப்போதுதானே எடுபடும்!

"உங்க பேர் வெளியே வராதும்மா" என்றார் தலைவர். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஏரி பிழைச்சுக்கும்."

அடுத்த ஞாயிறே, எல்லார் முன்னாலும் மெக்கானிக்கை வெளியேற்றினார்.

"நான் எண்ணத்தாங்க போனேன். அந்தப் பக்கம்தான் கூடு அதிகம்" என்றார் மெக்கானிக்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கிளம்புங்க."

'பொய்யைப் பாரு' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தையல்காரம்மா.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை. கிழக்குக் கரையில் நாணலைக் காணோம். புல்டோசர் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, நிறுத்துங்க! இது பறவைங்க இடம்!" என்று ஓடினாள் தையல்காரம்மா.

மேஸ்திரி சிரித்தார். "என்னம்மா, உங்க ஆளுங்க குடுத்த அறிக்கையிலயே இந்தப் பக்கம் ஒரு கூடுகூட இல்லன்னு இருக்கே. அதை வெச்சுத்தானே வீடு கட்ட அனுமதி குடுத்தாங்க."

"நாங்க இங்க எண்ணவே இல்லையே! தலைவர்தான் போகக் கூடாதுன்னாரு..."

"அவரா? இடமே அவர் மச்சானோடதுதானேம்மா!"

விசாரித்து விசாரித்து மெக்கானிக்கைத் தேடிப் போனாள். ஒரு கட்டடத்தில், திறந்து கிடந்த லிஃப்ட் முன்னால் கை நிறைய கிரீஸோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எண்ணின கணக்கு இருக்கா? வாங்க, இப்பவே அதிகாரிகிட்ட போகலாம். நானும் வரேன்."

"அனுமதி குடுக்கிறதுக்கு முன்னாலயே கொண்டுபோய்க் குடுத்தேம்மா. நூத்தி முப்பத்தாறு கூடு, போட்டோவோட."

"அப்புறம்?"

"தலைவர் ஏதோ புகார்க் கடிதத்தைக் காட்டியிருக்காரு. நான் முட்டை திருடினதைக் கண்ணால பார்த்ததா யாரோ எழுதியிருக்காங்களாம். திருடன் சொல்ற கணக்கு செல்லாதுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க."

அவர் கண்கலங்கச் சொன்னார்:

"ஆனா, அத்தனை பேர்ல நீங்க ஒருத்தராவது என்னை நம்பித் தேடி வந்தீங்களே... அது போதும்மா!"