முதல் வளையல்

“என் கையால வேணாம். வேற யாராச்சும் போடுங்க” என்று வளையல் தட்டை நகர்த்தி வைத்தாள் விருத்தாம்பாள்.

கலகலவென்றிருந்த வளைகாப்பு வீடு அடங்கிப் போனது. ஒரே பிள்ளையின் பெண்டாட்டிக்கு மாமியார்தான் முதல் வளையல் போட வேண்டும். மணையில் உட்கார்ந்திருந்த கலைவாணி, நீட்டிய கையைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். முழங்கை தாண்டித் தைத்த ஜாக்கெட்டும் அப்பிய சந்தனமும் நகக் கீறல்களை மறைக்கவில்லை போலும். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததிலிருந்து உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்துப் பிடுங்கின. ‘வேற எதனா தொந்தரவு இருக்குதா?’ என்று நர்ஸம்மா கேட்டபோதுகூட வாய் வரவில்லை. அரிப்பு என்ற சொல்லை அவர்கள் தெருவில் பெண்களைத் திட்டத்தான் வைத்திருந்தார்கள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அனந்தபுரத்திலிருந்து போனிலேயே அவள் வாயை அடைத்துவிட்டாள் ராஜம்மாள். “உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா, சொறி புடிச்ச பொண்ண தலையில கட்டிட்டாங்கன்னு ஊரெல்லாம் பேசும். வளைகாப்பு முடியட்டும், நம்ம வூட்டுக்கு இட்டுனு வந்து பாத்துக்கறேன்.”

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் காத்தாயி, “புருசன் புள்ளன்னு நெறைவா இருக்கிறவ, உனக்கு இன்னா கொற?” என்று விருத்தாம்பாளை முறைத்துவிட்டு, தானே முன்னால் வந்து வேப்பங்குச்சிக் காப்பை மாட்டினாள். பிறகு கண்ணாடி வளையல்கள் ஏறின. கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

முடியவில்லை. யாரும் பார்க்காதபோது வேப்பங்குச்சியில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். காத்தாயி பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, கை அரிக்குதா?”

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அட, வயித்துல புள்ளைக்கு முடி மொளைக்குதுடி! மொளைக்கும்போது அப்டிதான் நமநமன்னு இருக்கும். சுருட்ட முடியா பொறக்கும் பாரு!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிழைத்தோம் என்று கலைவாணிக்கு மூச்சு வந்தது.

விருத்தாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மருமகளின் கையைப் பிடித்துப் புரட்டினாள்.

“கால நீட்டு.”

“அத்த… எல்லாரும் பாக்கறாங்க…”

“நீட்டுடின்றேன்!”

அத்தனை பேர் முன்னிலையில் மாமியார் அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்த பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கலைவாணிக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

“ராத்திரியானா ஜாஸ்தியா இருக்குதா?”

கலைவாணி தலையை மட்டும் ஆட்டினாள்.

“பார்த்திபா, ஆட்டோவ கூப்டு.”

“இன்னாம்மா இது, நாலு பேரு இருக்கிற எடத்துல…” என்று இழுத்தான் மகன்.

“கூப்டுறா!”

ராஜம்மாள் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். “சம்பந்தி, சொறி சிரங்குலாம் எங்க வம்சத்துலயே கெடையாது. பந்தி முடியட்டும், நானே எம் பொண்ண இட்டுனு போயிடறேன். இப்டி அனுப்பாதீங்க.”

“பந்தி கெடக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தாள் விருத்தாம்பாள்.

ராஜம்மாளும் பார்த்திபனும் கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். ராஜகிரி மலை ஒரு பக்கம் வந்து மறைந்தது. தன்னை அனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடத்தான் போகிறார்கள் என்று கலைவாணி வளையல் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறந்த வீட்டுக்குப் போவதில் வருத்தமில்லை. இப்படித் துரத்தப்பட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. விருத்தாம்பாள் முதலில் இறங்கி உள்ளே போனாள்.

“அரிப்பு, டாக்டர். உள்ளங்கை, உள்ளங்கால்ல. மாசமா இருக்குது.” வராந்தா முழுக்கக் கேட்டது. கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பெல்ட்டைக் கட்டிப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். சாயங்காலம் ரிசல்ட்டோடு வந்த டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“இது தோல் வியாதியே இல்லம்மா. மாசமா இருக்கும்போது சில பேருக்கு ஈரல் சரியா வேலை செய்யாது. பித்தநீர் ரத்தத்துல தேங்கிடும். அதான் இந்த அரிப்பு. உனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. குழந்தைக்குத்தான் ஆபத்து. கவனிக்காம விட்டா சில நேரம் வயித்துக்குள்ளயே துடிப்பு நின்னுடும்.”

ராஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

“பயப்படாதீங்க, இப்ப துடிப்பு நல்லா இருக்கு. அட்மிட் பண்ணிட்டு, சீக்கிரமே பிரசவம் பாத்துடலாம்” என்ற டாக்டரம்மா, விருத்தாம்பாள் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் சூடுன்னு சொல்லி விட்டுடுவாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?”

விருத்தாம்பாள் வாசலில் நின்ற பார்த்திபனை ஒருமுறை பார்த்துவிட்டு, தப்பு செய்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கும் இப்டிதான் அரிச்சுது, முடி மொளைக்குதுன்னாங்க. இவனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தாம்மா.”