பதினைந்து பேர் ஏறும் படகு

"ஒரே நேரத்திலை பதினைஞ்சு பேர் ஏறினால் தாங்குமோ, அண்ணை?"

தாட்சாயினி கேட்டதும் ஐயாத்துரையின் கையிலிருந்த உளி நின்றது. முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்துகிறவர் அவர். எதிரே மணலில் சரிந்து கிடந்தது, அவள் புதிதாக வாங்கியிருந்த பழைய பாய்மரப் படகு.

"இப்ப தாங்காது, தங்கச்சி. உள்ளுக்கை இருக்கிற விலா மரங்கள் உக்கிப்போச்சு. வேம்பு போட்டு மாத்தவேணும். பக்கப் பலகைக்குப் பலா நல்லது."

"தேக்கு இன்னும் உறுதியில்லையோ? வெயில், மழை எல்லாம் தாங்கவேணும். பைபர் மட்டும் வேண்டாம். வெடிச்சால் கையைக் கிழிச்சுப்போடும்."

"ஆணி?"

"துருப்பிடிக்காத ஆணியாப் போடுங்கோ. தலை ஒண்டும் வெளியிலை நீட்டக்கூடாது. ஏறுறது முழுக்கச் சின்னப் பிள்ளையள்."

ஐயாத்துரை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய தம்பி இப்படியொரு படகில்தான் மனுசி பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கென்று புறப்பட்டான். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

"பாய் பிடிக்கத் தெரிஞ்ச ஆரும் கூட வருகினமோ?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருதருக்கும் தெரியாது, அண்ணை. ஏறினாப் பிறகு பழகுவினம்," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. உளியை மணலில் எறிந்தார்.

"தேக்குமில்லை, வேம்புமில்லை! என்ன மரம் போட்டாலும் நடுக்கடலிலை இது காப்பாத்தாது. என்ரை தம்பியின்ரை கடைக்குட்டிக்கு நாலு வயசு, தங்கச்சி. நான் இதிலை கை வைக்கமாட்டன். போகவேண்டாமெண்டு உங்கடை ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

தாட்சாயினி திகைத்துப்போய் அவரையே பார்த்தாள். பிறகு மெல்லக் கிட்ட வந்தாள்.

"ஐயோ அண்ணை, என்ரை ஆக்களுக்கும் நாலு வயசுதான். நான் விசுவமடுவிலை முன்பள்ளி ரீச்சர். இது கடலுக்கில்லை. பள்ளி முற்றத்திலை நிப்பாட்டப் போறம், பிள்ளையள் ஏறி விளையாட."

ஐயாத்துரை அப்படியே மணலில் இருந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உளியைத் தேடி எடுத்தார்.

"அப்ப ரீச்சர், முதல் வேலையா அடியிலை ரெண்டு ஓட்டை போடுவம். மழைத்தண்ணி ஓடவேணுமெல்லே?"