அந்த ஆளின் குரல்

“உங்க கதையைச் சொல்றானே ஒருத்தன், அவனை மாதிரி ஒரு அற்பனை நான் இதுவரைக்கும் படிச்சதே இல்லை சார்,” என்றார் பதிப்பாசிரியை. சொல்லிவிட்டு, கையில் விருது கொடுத்தவர்போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

எதிரே இருந்த எழுத்தாளர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். எழுத்தாளர் என்றால் எழுதியவர் என்ற அளவில்தான். பணி ஓய்வுக்குப் பிறகு பேனாவைத் தொட்டவர். காரணம் இலக்கியம் அல்ல, சம்பந்தி. அந்த மனிதர் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டுவிட்டு, குடும்ப விசேஷம் ஒன்று விடாமல் கையெழுத்திட்டு விநியோகித்துக்கொண்டிருந்தார். “என் புத்தகமும் வருது” என்று இவரும் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. போன பதிப்பகமெல்லாம் கையை விரித்துவிட்டது. இதுவும் இல்லையென்றால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது?

“குரல் சார், குரல்,” என்றார் பதிப்பாசிரியை. இளம் எழுத்தாளர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுப்பவர் அவர். எந்தக் குரலும் தன் காதுக்குத் தப்பாது என்பது அவர் நம்பிக்கை. “நடைங்கிறது கைரேகை மாதிரி. எழுதினவன் ஒளிஞ்சுக்கணும், பேசுறவன் மாட்டிக்கணும். இதுல நீங்க இருக்கிற இடமே தெரியலை.”

“அப்படியா?”

“முதல் வரியைக் கேளுங்க.” கைப்பிரதியைப் புரட்டி வாசித்தார். “‘என் பெருமையை நானே பேசுவது எனக்குப் பிடிக்காது, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன்.’ அதுக்கப்புறம் இருபது பக்கம் மூச்சு விடாம அதையேதான் சொல்றான்.”

பக்கத்தில் இருந்த விற்பனை மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“அந்தப் பாலம் வர்ற இடம் இன்னும் பிரமாதம். கட்டும்போது, ‘நான் கட்டினேன்.’ மாலை போடும்போது, ‘நான் தலை குனிந்து ஏற்றேன்.’ விரிசல் விட்டதும் என்ன எழுதுறான் பாருங்க, ‘விரிசல் ஏற்பட நேர்ந்தது.’ அந்த வாக்கியத்துல ஆளையே காணோம். பின்வாசல் வழியா நழுவிட்டான். இதெல்லாம் எப்படி சார் பிடிச்சீங்க?”

“தானா வந்ததுதான்.”

“தானா வந்த மாதிரிதான் இருக்கு. அதுதான் கலை.” அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். “பொண்டாட்டியை எப்படிக் காட்டியிருக்கார் கவனிச்சீங்களா? புத்தகம் முழுக்க அந்தம்மாவுக்குப் பேரே கிடையாது. கதவு திறக்கிறாங்க, மாத்திரை எடுத்துத் தர்றாங்க. ‘இல்லாள் வழக்கம்போல் ஏதோ சொன்னாள்’னு ஒரே வரி, அதையே திரும்பத் திரும்ப எழுதுறான். என்ன சொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் வராது. அவன் காதுல விழலை. நமக்கு மட்டும் அந்தம்மா திட்டுறது பளிச்சுனு கேட்குது.”

“எனக்கு அவன் சட்டையைப் பிடிச்சு நாலு அறை விடணும்போல இருந்துச்சு,” என்றார் மேலாளர். “எங்க மாமனாரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுப் படிச்ச மாதிரி.”

எழுத்தாளர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். “அந்த ஆள்கிட்ட நல்லது ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படலை?”

“தயவுசெஞ்சு அதை மட்டும் சேர்த்துடாதீங்க,” என்று பதிப்பாசிரியை பதறினார். “பாதி எழுத்தாளருங்க கோட்டை விடுற இடமே அதுதான். தான் படைச்ச முட்டாள் மேலயே பாசம் வந்துடும். இவன் இப்படியேதான் இருக்கணும். உலகமே தன்னை அண்ணாந்து பார்க்குதுன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் நம்புறான் பாருங்க, அந்த முகத்துல ஒரு கீறல்கூட விழக்கூடாது.”

“சரி, சேர்க்கலை.”

“யாரைப் பார்த்து எழுதினீங்க?”

“தெரிஞ்ச ஒருத்தர்தான்.”

மேலாளரின் சிரிப்பு நின்றது. “உயிரோட இருக்காரா? நாளைக்கு வக்கீலோட வந்து நின்னா நாங்கதானே சார் பதில் சொல்லணும்.”

“வர மாட்டாரு,” என்றார் எழுத்தாளர். “‘அது நான்தான்’னு எந்த வாயால வந்து சொல்வாரு?”

“பலே, அது நியாயம்,” என்று மேலாளர் ஒப்பந்தத்தை நகர்த்தினார். “எதுக்கும், ‘பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் முற்றிலும் கற்பனையே’ன்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழேயும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

பேனா அந்த வரிமேல் சற்று நேரம் நின்றது. எழுந்து போய்விடலாம். கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஆனால், “இன்னுமா சார் அச்சுல இருக்கு?” என்று அக்கறை வழியக் கேட்கும் சம்பந்தியின் முகம் கண்ணெதிரே வந்தது.

கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டுவிட்டார். “என்னவாம்? உங்க வாழ்க்கை வரலாற்றைப் போடுறாங்களாமா?”

“போடுறாங்க,” என்றார் அவர், சுவரைப் பார்த்து. “நகைச்சுவை நாவல் வரிசையில.”

“அப்ப யாரோ முழுசாத்தான் படிச்சிருக்காங்க,” என்றார் மனைவி.