வண்டி ஆறட்டும்

'டமார்' என்று ஒரு வெடிச் சத்தம். வேலியோரம் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். புகைக்குழாய் இன்னொரு தடவை வெடிக்க, பழைய நீல நிற பியட் ஒன்று பந்தயப் பாதையை விட்டு விலகிப் புழுதியோடு வந்து நின்றது.

ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஆலுவாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த வெங்கிடாசலம் சட்டைப் பையிலிருந்த போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதே பையன்தான். சிவசங்கரன்.

கப்பல் ஏஜென்சியில் உத்தியோகம், தலை நிமிர்ந்து பேசாத பிள்ளை என்றுதான் தரகர் பிச்சை சொல்லியிருந்தார். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால், மைதானத்தில் கார் பந்தயம் விடுகிற பிள்ளை என்று சொல்லவில்லை. மகள் ஸ்வர்ணலதாவை இவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும். இதையே மறைத்தவர்கள் இன்னும் என்னென்ன மறைத்தார்களோ!

இரும்பு வாளியும் ஈரச் சாக்குமாக ஒரு பெண்பிள்ளை காரை நோக்கி ஓடினாள். ஐம்பது வயதிருக்கும். கரி அப்பிய நூல் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"எடா, ஹேண்ட் பிரேக் போடாதே! சூட்டோட போட்டா ஒட்டிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?"

சிவசங்கரன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். அவள் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். எஞ்சினை அணைக்கவிடாமல், பானெட்டை மட்டும் திறந்துவைத்தாள்.

கூலிக்காரி 'எடா' என்கிறாள், இவன் வாய் பொத்திக் கேட்கிறான். இவனுடைய குட்டு ஏதோ அவள் கையில் இருக்கிறது என்று வெங்கிடாசலம் முடிவு கட்டினார். பையனுக்குக் கண் வேறு சிவந்திருந்தது. அவள் நீட்டிய பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, அடுத்த ரவுண்டைப் பற்றி விசாரிக்கக் கூடாரத்துப் பக்கம் போனான்.

இதுதான் சமயம் என்று வெங்கிடாசலம் வேலிக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, பாட்டில்ல என்ன?"

"சம்பாரம். இஞ்சி தட்டிப் போட்ட மோரு. வேணுமா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்ணு செவந்திருக்கே?"

"இந்தப் புழுதியில ஓட்டினா உங்களுக்கும் செவக்கும். சும்மா நிக்கறதுக்கு இந்தச் சாக்கோட அந்த முனையைப் பிடிங்க, சேட்டா."

வேறு வழியில்லாமல் பிடித்தார். காரின் மூக்குக்கு முன்னால் இருவருமாகச் சாக்கை விரித்துப் பிடிக்க, அவருடைய வெள்ளைச் சட்டை நனைந்தது.

"எஞ்சின் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? எங்கயாவது தப்பிச்சு ஓடணுமா?"

"சட்டுனு அணைச்சா சூடு உள்ளயே தங்கிரும். மெல்லத்தான் ஆறணும்." இப்போதுதான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு, போலீசா?"

"சேச்சே! தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணுக்கு இந்தப் பையனைப் பார்க்கறாங்க. அதான் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு..."

"ஓ." அவள் இன்னொரு குவளைத் தண்ணீரைச் சாக்கில் ஊற்றினாள். "என்ன தெரியணும்?"

"குடி, சீட்டாட்டம்?"

"கிடையாது."

"பொம்பளை விவகாரம்?"

"அவனுக்கு இந்த வண்டிதான் எல்லாம். இதை மறைக்காம பொண்ணு வீட்டுல சொல்லணும்னு தரகன்கிட்ட சொல்லிவிட்டிருக்கு. அந்த ஆள்தான் முழுங்கிட்டான் போல."

வெங்கிடாசலத்துக்கு மூச்சு சீரானது. "அவங்க அம்மா எப்படி? வாய் ஜாஸ்தின்னு கேள்வி."

"ஜாஸ்திதான். பொய் சொன்னா மட்டும் ஆகவே ஆகாது, கேட்டோ."

எஞ்சின் சத்தம் மெல்லத் தணிந்து, ஒரே சீராக ஓடியது. அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நீ நல்லவளா இருக்கே. இந்தக் கல்யாணம் முடியட்டும், உனக்கு ஒரு சேலை எடுத்துத் தரேன்."

"பட்டா?"

"பட்டே எடுத்துத் தரேன், போ!"

"யார் வீட்டுப் பொண்ணுக்கோ நீங்க எதுக்குப் பட்டு எடுக்கறீங்க?"

வெங்கிடாசலம் அசடு வழிந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்ணுதாம்மா. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. வந்த வரனெல்லாம் தட்டிப் போச்சு. வர்ற சித்திரையில அவளுக்கு இருபத்தெட்டு முடியுது. இதுவும் கைநழுவிப் போச்சுன்னா அப்புறம் யாரு வருவா, சொல்லு?"

அவள் சாக்கைத் தாழ்த்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது. சிவசங்கரன் ஓடி வந்து உள்ளே ஏறினான். அவள் பானெட்டை அறைந்து மூடி, முட்டுக் கல்லைக் காலால் தள்ளிவிட, கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

புழுதி அடங்கும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்து நின்றாள். பிறகு சாக்கைப் பிழிந்து வேலியில் போட்டு, செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு இருபத்துநாலுன்னுல்ல சொல்லி அனுப்பினீங்க, சம்பந்தி?"