கோயில் வாசகர்

"நாளைக்குத் திருநாள் பூசையில வேதாகம வாசகத்தை நான் வாசிக்கட்டோ, ஐயா?"

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு றோஸ் கேட்டாள். ஹெக்டர் கதிரையில் நிமிர்ந்தார். அவர் துறைமுகக் கந்தோரில் பெரிய கிளாக்கர். றோஸ் அவர் வீட்டுக் குசினியில் வேலை செய்பவள்.

"ஆர் உனக்கு இதைச் சொன்னது?"

"பாதர்தான். நீங்கள் ஓமெண்டால் தனக்கும் ஓமாம்."

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி நாலு வருடமாகிறது. அன்று தொடக்கம் கோயிலில் வாசிப்பது ஹெக்டர்தான். சின்ன வயதிலேயே கொழும்பு விடுதியில் தங்கி இங்கிலீசில் படித்தவர், கோட்டும் ரையுமாகப் பீடத்தடியில் நின்று ஒரு தடக்கலும் இல்லாமல் தமிழ் வாசிப்பதைக் கேட்டுத் திருகோணமலைச் சனம் மூக்கில் விரல் வைக்கும். பாராட்டுக் கேட்டே அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு நிறைந்துவிடும்.

றோஸின் அம்மா தெருத்தெருவாக மீன் விற்று மகளை எட்டாம் வகுப்புவரை படிப்பித்தவள். தனக்குக் கையெழுத்துக்கூட வராது. மகள் அந்தப் பீடத்தடியில் நின்று வாசிப்பதை ஒருநாளாவது கேட்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை நினைத்துத்தான் ஒரு கிழமையாகத் துணிவைச் சேர்த்துக்கொண்டு றோஸ் இன்றைக்கு வாய் திறந்தாள்.

ஹெக்டருக்குச் சிரிப்பு வந்தது. தன் வீட்டில் சட்டி கழுவுகிறவள் வாசிக்க, தான் கீழே வாங்குப் பலகையில் இருந்து கேட்பதா என்றார். ஊர் என்ன கதைக்கும் என்றார். வெறும் எழுத்துத் தெரிந்தால் போதாதாம்.

"அதுக்கெண்டு ஒரு தராதரம் இருக்குப் பிள்ளை."

"ஆண்டவற்ற சொல்லை வாசிக்கத் தராதரம் எதுக்கு ஐயா?"

"வேலை வேணுமெண்டால் இந்தக் கதையை விடு."

றோஸ் அழவில்லை, அந்த இடத்தைவிட்டு அசையவுமில்லை.

"வேலையும் வேணும் ஐயா. வாசிக்கவும் வேணும்."

"ஏலாது எண்டால் ஏலாது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு வெள்ளைத்தாளையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொண்டு, வாசகப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

"சரி, வழக்கம்போல மெல்ல மெல்ல வாசி. நான் இங்கிலீசு எழுத்தில எழுதி எடுக்கவேணும்."

றோஸ் புத்தகத்தை வாங்கினாள். திறக்கவில்லை.

"இனிமேல் கோயில்லதான் ஐயா வாசிப்பன்."