வெறும் ஊசி

புரதத்தின் ஒரு வளைவு மட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் தெரியவே இல்லை. மாதக்கணக்கில் நுஸைபா கணினியில் அதன் மாதிரியைக் கட்டுவதும் கலைப்பதுமாக இருந்தாள். ஆய்வேடு அதனாலேயே நின்றது. புதிதாக வந்த தரவில் வளைவு தெளிவாகத் தெரிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

எக்ஸ்ரே எடுக்க ஊசி முனையில் புரதப் படிகம் ஏற்றி அனுப்பும் தமிழ்மாறன் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். “இம்புட்டு நல்ல படிகத்த இத்தன நாளா எங்கண்ணே வச்சிருந்தீங்க?” என்று போனில் கத்தினாள்.

“எந்தப் படிகம்? எல்லாம் கரைஞ்சு போச்சும்மா. மெஷினச் சோதிக்க வெறும் ஊசியத்தான் அனுப்புனேன்.”

“வெளையாடாதீங்கண்ணே.”

போனை வைத்துவிட்டு, கட்டிய மாதிரியை முழுவதும் அழித்தாள். வெறும் ஊசி என்றால் வரைபடம் அந்த மாதிரியின் நிழல்தான்; மாதிரி இல்லாவிட்டால் அதுவும் மறைய வேண்டும். மற்றதெல்லாம் மறைந்தது. அந்த வளைவு மட்டும் திரையில் நின்றது. போன் செய்வதற்கு முன்பு திறந்திருந்தது, இப்போது எதையோ பிடித்துக்கொண்டு மூடியிருந்தது.